இரண்டரை நொடி

ட்ரியெஸ்தேயில் போரா காற்று வீசும் மாதங்களில்
வியாழக்கிழமைதோறும்
என் மருந்துக்கடை மாடியில்
ஒரே ஓபராவை நான்கு இசைத்தட்டுகளில் கேட்போம்.
நான், எட்ஸியோ, நீவெஸ்.
ஒரு புட்டி சிவப்பு ஒயின், ஒரு கிண்ணம் அக்ரூட்.
உடைத்த ஓடுகள்தான் வாக்குச்சீட்டு.

கதை ஒன்றும் பெரிதல்ல.
கலங்கரை விளக்கக்காரனின் மகள்
போனவன் ஒருவனுக்காக
மூன்று அங்கமும் விளக்கேற்றுகிறாள்.
கடைசியில் கடலைப் பார்த்துப் 'போ' என்கிறாள்.
விளக்கை அணைக்கிறாள். திரை.

முதல் தட்டு மிலான், ஸ்டுடியோவில் பதிந்தது.
எட்ஸியோவின் உயிர் அதில்.
பியானோக்களுக்குச் சுருதி கூட்டுகிறவன்,
"மயிரிழை பிசகில்லை" என்பான்.
பிசகில்லைதான்.
இஸ்திரி போட்டு மடித்துவைத்த துக்கம்.

இரண்டாவது வியன்னா.
வாத்தியங்கள் முதல் பந்திக்கு முண்டியடிக்க
பாவம் அவள் குரல்
கடைசி இலையில் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது எங்கள் யாருக்கும் பிடிக்காது.
ஆனாலும் போடுவோம்.
திட்டுவதற்கு ஒன்று வேண்டுமே.

நான்காவது என்னுடையது.
இதே ஊர், அறுபத்தெட்டு பிப்ரவரி,
மேடையிலிருந்தே பிடித்தது.
யாரோ இருமுகிறார்கள். நாற்காலி கிரீச்சிடுகிறது.
லவீனியா ப்ரெஸ்கோ கடைசி வரிக்கு வருகிறாள்,
நிறுத்துகிறாள்.
இரண்டரை நொடி.
கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.
பிறகு 'போ' என்று சொல்லவில்லை,
'வா' என்கிறாள்.

அந்த ஒற்றைச் சொல்லுக்காகப்
பத்தொன்பது வருடம் வாதாடியிருக்கிறேன்.
விளக்கை அணைத்துக்கொண்டே வா என்பவளின்
பைத்தியம், கருணை, பழி.
உறையின் பின்பக்கம்
ஒரு பேராசிரியரும் என் கட்சி,
பொடி எழுத்தில் இரண்டு பத்தி.
என் மணமுறிவுக்குப் பின்னான குளிர்காலத்தில்
இரவுக்கு இரண்டு முறை கேட்டேன்.
அதை இவர்களிடம் சொன்னதில்லை.

நீவெஸ் என் தட்டுக்கு
ஒருநாளும் ஓடு போட்டதில்லை.
நாடக அரங்கில் வேலை பார்த்தவள் என்று தெரியும்.
"கீழே" என்பாள், அவ்வளவுதான்.
டிக்கெட் கிடங்கு என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

போன வாரம் ஜன்னல் சட்டம் உதறிக்கொண்டிருந்தது.
நான் பேராசிரியரை உரக்க வாசித்துக்கொண்டிருந்தேன்.
அவள் அக்ரூட்டை உடைக்காமல் உருட்டியபடி சொன்னாள்:
"அது நான்."

எது?

"அந்த வா."

மேடையின் விளிம்பில் ஒரு பெட்டி இருக்கும்,
ஆள் இடுப்பளவு உள்ளே.
அதிலிருந்து அடி எடுத்துக் கொடுக்கிற வேலை.
சேர்ந்து மூன்றாம் நாள். வயது இருபத்திரண்டு.
இடைவேளையில் சாப்பிட்ட ஆரஞ்சு
ஒரு சொட்டு, சரியாக அந்தச் சொல்லின்மேல்.
ப்ரெஸ்கோ மறந்துபோய்க் குனிந்து பார்க்கிறாள்.
தாளில் முதல் எழுத்துதான் மிச்சம்.
இத்தாலியனில் வாவும் போவும்
ஒரே எழுத்தில்தான் தொடங்கும்.
"ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டுமே. சொன்னேன்."

எட்ஸியோ சிரித்த சிரிப்பில்
ஒயின் மூக்கால் வந்தது.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
முள்ளைப் பின்னுக்கு எடுத்து வைத்தேன்.

இருமல். நாற்காலி. நிறுத்தம்.
அந்த நிறுத்தத்துக்குள்ளே
இத்தனை நாள் கீறல் என்று நான் நினைத்த
சின்னச் சரசரப்பு.
பூனை தும்மினால்கூட இதைவிடப் பெரிதாகக் கேட்கும்.
அதற்குப் பின்னால்
முழு அரங்கையும் தூக்கிக்கொண்டு அந்த 'வா'.

"திட்டினாளா?"

"பதினோரு நிமிடம் கைதட்டல்.
மறுநாள் ஒரு கூடை ஆரஞ்சு அனுப்பினாள்.
குறிப்பு ஒன்றும் இல்லை.
அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது."

எட்ஸியோ தன் ஓட்டை மிலான்மேல் போட்டான்,
வழக்கம்போல.
நீவெஸும் மிலான், வழக்கம்போல.
"அந்தச் சொல்லை அதிலாவது
சரியாகச் சொல்கிறார்கள்" என்றாள்.

என் ஓடு கையிலேயே இருந்தது.
கீழே கடைப்பலகையைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது.
அதைக் கட்டப் போகிறேன் என்று இறங்கினேன்.
படியில், இருட்டில்,
அந்தச் சொல்லை
சத்தமில்லாமல் ஒருமுறை உதட்டால் சொல்லிப் பார்த்தேன்.